இந்தக் கட்டடத்தில் யாருமில்லையாம்

மூடப்போகிறோம் என்று கடிதம் வந்த பிறகும் நாள் தவறாமல் மணியடித்துப் பள்ளியைத் திறக்கின்ற, இக்கூட்டத்தின் தலைவர், மாண்புமிகு தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! பூட்டிக் கிடந்த கடையின் வாசலைப் பெருக்கி, பலகை பலகையாகத் தூக்கி வந்து இந்த மேடையை எழுப்பித் தந்த தச்சுப்பட்டறை அண்ணன் அவர்களே! படியேறிப் படியேறியே முழங்காலைப் பறிகொடுத்தும் முகம் சுளிக்காத மூத்தோர்களே! குழாயில் தண்ணீர் வருகிற அந்த ஒரே ஒரு மணி நேரத்தையும் எனக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! ‘இவன் எப்போ முடிப்பான்’ என்று இப்போதே கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தம்பிகளே, தங்கைகளே! கீழே இடமில்லாததால் அல்ல, இறங்க வழியில்லாததால் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மாடிவாசிகளே! எல்லோருக்கும் மேலாக, நாலாம் மாடியில், இடப்பக்கமிருந்து மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த லிஃப்ட் மெக்கானிக் கைகூப்புகிறேன்.

என்னம்மா? பின்னால் கேட்கவில்லையா? மைக்கைத் தட்ட வேண்டாம் தம்பி, அதற்கும் என் வயசுதான். நானே கொஞ்சம் கத்திப் பேசுகிறேன்.

இருபத்தெட்டு வருடமாக மனிதர்களை மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்து விடுவது என் தொழில். ஆகவே என் பேச்சும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் பதறாதீர்கள். இரண்டு தட்டு தட்டுங்கள், கிளம்பிவிடும்.

பெரியோர்களே! சென்ற மாதம் நகர அலுவலகத்துக்குப் போனேன். எதற்கு? இதோ, என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறதே, முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட இந்தக் கட்டடம், இதன் லிஃப்டுக்காக. பதினோரு வருடமாக அது முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நிற்கிறது. உள்ளே புறா குடியேறிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் நான். என் அக்கா வீட்டு லிஃப்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ‘கூலி வேண்டாம், மோட்டாரும் கம்பிவடமும் கொடுங்கள், நானே ஓட்டிக் காட்டுகிறேன்’ என்று கேட்கப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கட்டடத்தின் எண்ணைக் கேட்டார், கணினியில் தட்டினார், புருவத்தை உயர்த்தினார்.

“அந்தக் கட்டடத்துல யாருமே இல்லையேங்க. யாருக்கு லிஃப்ட் கேக்குறீங்க?”

“யாரும் இல்லையா? சார், மாடிக்கு எட்டு வீடு, தரைத்தளம் கடைகளை விட்டுட்டா நாலு மாடி. அத்தனையிலயும் ஆள் இருக்காங்க சார்!”

“இங்க அப்படி இல்ல. அந்தத் தெரு முழுக்கவே நூத்திப் பதினோரு பேர்தான். அதனாலதான் பஸ்ஸை நிறுத்தினாங்க. ஸ்கூலையும் மூடப் போறாங்க. சரி, நீங்க எங்க இருக்கீங்க?”

பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் குடியிருந்த வீட்டு முகவரியைச் சொன்னேன். தட்டினார். இந்த முறை புருவம் நெற்றியைத் தாண்டிவிட்டது.

“உங்க வீட்ல நூத்தி அறுபத்து மூணு பேர் இருக்காங்களா?”

என் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை. மூன்றாவது ஆள் வந்தால் என் மனைவி நாற்காலியை எடுத்து வெளியே போடுவாள். என்ன சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன்: “எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க சார்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த நூற்று அறுபத்து மூன்று பேரும் யார்? இந்த ஜன்னலில் நிற்கிறார்களே, அவர்கள். இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள். முன் வரிசையில் என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் இஸ்திரிக் கடை மாமா, அவரும், அவர் வீட்டு ஐந்து பேரும்!

எப்படி வந்தது இந்த வினை? ஏழு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகள் தாதிப் படிப்பு முடித்தாள். நல்ல மதிப்பெண். பெரிய மருத்துவமனைக்கு விண்ணப்பம் போட்டாள். இந்தத் தெருவின் பெயரை எழுதிப் போட்டாள். ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று பதில் வந்தது. நிரம்பிய இடத்துக்கு அடுத்த வாரமும் விளம்பரம் வந்தது! அக்கா யோசித்தாள். அதே விண்ணப்பத்தை மறுபடி எழுதினாள். அதே மை, அதே மதிப்பெண், அதே கையெழுத்து. மாற்றியது ஒரே ஒரு வரி. இந்தத் தெருவுக்குப் பதிலாக என் முகவரி. நாலே நாளில் நேர்காணலுக்கு அழைப்பு!

அன்று இந்தப் படிக்கட்டில் எத்தனை மகிழ்ச்சி! அன்றே செய்தி பரவியது. ‘தம்பி முகவரியைப் போட்டா வேலை கிடைக்குதாம்.’ அடுத்து யார்? தச்சுப்பட்டறை அண்ணன் மகன். அடுத்து யார்? மாவு மில்லில் வேலை பார்க்கும் சித்தி. வேலைக்கு என் முகவரி, பள்ளிக்கு என் முகவரி, கடனுக்கு என் முகவரி, கல்யாணத்துக்கு வரன் பார்க்கவும் என் முகவரி! பாலத்துக்கு அந்தப் பக்கத் தபால்காரர் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்: “அண்ணே, இது வீடா, விடுதியா?”

இந்த விண்ணப்பங்களை எல்லாம் எழுதியது யார்? என் அக்கா. அவள் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கமாட்டாள். ‘உட்காருங்க, தண்ணி குடிங்க, பேர் சொல்லுங்க’ என்று தொடங்குவாள். முகவரியை மட்டும் கேட்கமாட்டாள். அதை அவள் கை தானாக எழுதிவிடும்.

போன முறை ஆள் கணக்கெடுக்க வந்தார்களே, கதவைத் திறந்து, ‘நாங்க இங்க இல்லங்க, சும்மா பார்க்க வந்தோம்’ என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். அட, வெட்கம் என்ன! முழுசாகத் தூக்குங்கள். வேலை கொடுத்தவனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். சொந்த வீட்டில், சொந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டு, விருந்தாளி என்று சொன்னோம். சொல்லிச் சொல்லி, இருக்கிற நாம் இல்லாதவர்கள் ஆனோம்.

சாக்கடை உடைந்தது, கேட்டோம், ‘யாருக்காக?’ என்றார்கள். விளக்கு அணைந்தது, கேட்டோம், ‘யாருக்காக?’ என்றார்கள். மருத்துவ நிலையம் வாரத்துக்கு ஒரு நாள் ஆனது, கேட்டோம், ‘யாருக்காக?’ என்றார்கள். அவர்கள் செய்தது அநீதி. இந்தத் தெருவின் பெயரைப் பார்த்ததும் காகிதத்தை ஒதுக்கினானே, அவன் செய்தது முதல் அநீதி. அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அதற்கு நாம் கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே, அது நோயைவிடப் பொல்லாததாகிவிட்டது.

யாரது? கடைசி வரிசை... “நீ மட்டும் ஏன் அந்தப் பக்கம் போனே?” நல்ல கேள்வி அண்ணே. உட்காருங்கள், சொல்கிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் சொன்னார்கள், லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் வர வேண்டும், பக்கத்திலேயே குடியிரு என்று. ‘ரெண்டே வருஷம் அக்கா, திரும்பி வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு, பத்தாகி, பத்து, பத்தொன்பதாகிவிட்டது. அங்கே எல்லாம் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர். பொத்தானை அழுத்தினால் லிஃப்ட். ஆனால் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிய எனக்கு ஆறு வருடம் ஆனது. அதுவும் அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டதால் தெரிந்தது!

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரம். மற்ற ஆறு நாளும் அதற்குக் காத்திருப்பது. என் பெயரில் வந்து குவிந்த உங்கள் கடிதங்களை எல்லாம் கருவிப்பையில் அடைத்துக்கொண்டு, இதே இடத்தில் வந்து நிற்பேன். ஒரு விசில் அடிப்பேன். என்ன நடக்கும்? முப்பத்திரண்டு ஜன்னலும் திறக்கும். முப்பத்திரண்டு கயிறு இறங்கும். பச்சைக் கயிறு, மஞ்சள் கயிறு, பழைய புடவையைத் திரித்த கயிறு. கயிற்றின் முனையில் கூடை, கூடையில் சின்ன மணி. லிஃப்ட் நின்ற நாள் முதல் காய்கறி ஏறுவதும், மருந்து ஏறுவதும், கடிதம் ஏறுவதும் அந்தக் கூடையில்தான். நான் ஒவ்வொன்றிலும் கடிதம் போட்டு இழுத்து மணியடிப்பேன். ‘தம்பி, சாப்பிட்டியா?’ என்று எட்டு ஜன்னலாவது கேட்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நிற்பேன். அங்கிருந்து அக்காவின் ஜன்னல் தெரியும். அவள் துவைத்துப் போட்ட துணியை வைத்து அவளுக்கு அன்று உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். போர்வை காய்ந்தால் நன்றாக இருக்கிறாள். கைக்குட்டை மட்டும் காய்ந்தால் சளி. என் வீட்டுக்கு நடக்க எட்டு நிமிடம்தான். அந்த எட்டு நிமிடம் எனக்கு எத்தனை கனமாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்! போக மனமில்லாமல் போவதைவிடப் பெரிய தூரம் உலகத்தில் இல்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! இனி நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. எனக்கு அன்று விடுமுறை. முகத்தில் பாதிச் சவரம். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், கையில் ஸ்ட்ரெச்சர்.

“பேஷன்ட் எங்க?”

“இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லீங்களே. வீடு மாறி வந்துட்டீங்க.”

“இல்ல, இதே முகவரிதான். ஒரு அம்மா போன் பண்ணினாங்க. பேச்சு குழறிடுச்சு, இடம் சொல்ல முடியல. போன் நம்பர் பதிவாகியிருக்கிற விலாசம் இதுதான் சார்.”

யார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. புதிய தொலைபேசி இணைப்பு வாங்கியபோது தன் விண்ணப்பத்தையும் அவளேதான் எழுதினாள். ஊருக்கெல்லாம் எழுதி எழுதிப் பழகிய கை. அவள் முகவரி கேட்ட இடத்தில், தன்னையறியாமல், என் முகவரியை எழுதிவிட்டது.

பாதிச் சவரத்தோடு அந்த வண்டியில் ஏறினேன். பாலத்தில் நெரிசல். தெரு முனையில் உடைந்த சாக்கடை, வண்டி உள்ளே வரவில்லை. ஓடினோம். நாலு மாடி. இறங்கும்போது படிக்கட்டின் வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, இஸ்திரிக் கடை மாமா ஒரு பக்கம், தச்சு அண்ணன் ஒரு பக்கம், நான் கீழ்ப்பக்கம். முதல் மாடி தாண்டும்போது அந்த நின்றுபோன லிஃப்டைப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் முன்பின் தெரியாதவர்களை ஏற்றி இறக்கிய கை இது. என் அக்காவை இறக்க ஒரு லிஃப்ட் இல்லை. அழுதுகொண்டே இறங்கினேன்.

டாக்டர் சொன்னார்: “பக்கவாதம். உயிருக்கு ஆபத்து இல்ல. அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா அந்த வலது கை தப்பிச்சிருக்கும்.”

அரை மணி நேரம். அது எங்கே போனது? என் வீட்டு வாசலுக்குப் போனது. என் அழைப்பு மணியை அடித்தது. யாரை நோவது? தெருவின் பெயரைக் கண்டு ஒதுக்கியவனையா? எழுதிய அக்காவையா? இல்லை, ‘அதுக்கென்ன, போட்டுக்கோங்க’ என்று நூற்று அறுபத்து மூன்று தடவை சிரித்துக்கொண்டே சொன்ன என்னையா? நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முகவரியாகக் கொடுத்து ஒவ்வொருவராக உங்களை இந்தத் தெருவிலிருந்து அழித்தவன் நான். என்னை மன்னியுங்கள்.

...தட்டுங்கள் என்றேனே, இரண்டு தட்டு. யாரோ ஒரு அம்மா நிஜமாகவே தட்டுகிறார். கிளம்பிவிட்டேன் அம்மா, கிளம்பிவிட்டேன்.

இன்னும் பத்து நாள். பத்தே நாளில் மறுபடியும் கணக்கெடுக்க வருகிறார்கள். இந்த முறையும் ‘யாருமில்லை’ என்றால் பள்ளிக்குப் பூட்டு. கட்டடத்துக்கு ‘காலி’ என்று முத்திரை. படிவங்களைத் தலைமையாசிரியை அம்மையார் நேற்றே வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்கள். எழுத வேண்டியது ஒன்றுதான், நாம் எங்கே இருக்கிறோம் என்று.

சொல்லுங்கள் அம்மா. பயப்படாமல் கேளுங்கள். “உண்மையை எழுதி எம்பையன் ஹோட்டல் வேலை போச்சுன்னா, நீயா தம்பி தருவே?”

தரமாட்டேன் அம்மா. என்னிடம் இல்லை. போகாது என்று சத்தியம் செய்யவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகன் வேலை செய்யும் அந்த ஹோட்டலில் துணி வெளுப்பது யார்? மூன்றாம் மாடித் தங்கை. பாத்திரம் துலக்குவது யார்? அவள் நாத்தனார். மேலாளரின் காரை ஓட்டுவது யார்? நம்ம நெட்டைத் தம்பி, அதோ கம்பத்தில் சாய்ந்து நிற்கிறான். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்! காலையில் அந்த நகரத்தின் கடையைத் திறப்பது யார்? நாம். பேருந்தை எடுப்பது யார்? நாம். புண்ணுக்கு மருந்து கட்டுவது, குழந்தைக்குச் சோறூட்டுவது, கண்ணாடியைத் துடைப்பது, கழிவை அள்ளுவது யார்? நாம், நாம், நாம்! ஒரு காகிதத்தில் ஒருவன் உண்மையை எழுதினால் ஒதுக்கி வைக்கலாம். ஒரே வாரத்தில் ஒரு தெருவே எழுதினால் எத்தனை பேரை ஒதுக்கிவிட்டு அந்த ஹோட்டல் காலையில் கதவைத் திறக்கும்?

நான் வெறும் வாயால் சொல்ல வரவில்லை. நேற்றோடு அந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. உங்கள் நூற்று அறுபத்து மூன்று பேரையும், கேட்காமல், ஒரே நாளில் வெளியேற்றிவிட்டேன். திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். கம்பெனியில், ‘பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்துதான் இனி வருவேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. என் வேலையும் உங்கள் வேலையோடு ஊசலாடுகிறது. இதோ என் கருவிப்பை, இதில் இருப்பவைதான் அந்த முகவரிக்கு வந்த கடைசிக் கடிதங்கள்.

என்ன மாமா? “அப்ப எங்க தங்குவே?” இதையேதான் என் வீட்டுக்காரியும் நேற்றிலிருந்து கேட்கிறாள். அதோ, பெட்டியின் மேல் உட்கார்ந்து என்னை முறைக்கிறாளே, அவள்தான். உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியாது. அக்காவிடம் கேட்க எனக்கு வாய் எழவில்லை. ‘ரெண்டே வருஷம்’ என்று சொல்லிவிட்டுப் போனவன். அவள் கையை இழக்கக் காரணமானவன். எந்த முகத்தோடு...

என்ன சத்தம் அது?

மணி. கூடை மணி. தம்பி, கொஞ்சம் விலகு, கயிறு இறங்குகிறது. பச்சைக் கயிறு. நாலாம் மாடி.

அக்கா, என்ன அனுப்பியிருக்கே? ஒரு காகிதம். கணக்கெடுப்புப் படிவம். பெரியோர்களே, இது... இது இடது கையால் எழுதியது. அச்சுக் கோத்த எழுத்து இல்லை. கோணல் மாணலாக, ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே. நாலு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ கிறுக்குகிறாள் என்று மகள் சொன்னாள். எனக்கு இன்றுதான் புரிகிறது.

படிக்கிறேன். பொறுங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கிறேன்.

இந்தத் தெருவின் பெயர் இருக்கிறது. இந்தக் கட்டடத்தின் எண் இருக்கிறது. ‘மாடி: நான்கு.’ அதற்குக் கீழே, ‘இவ்வீட்டில் குடியிருப்போர்.’ முதல் வரியில் ‘நான்.’ இரண்டாவது வரியில் ‘மகள்.’ மூன்றாவது வரி... இந்த மை இன்னும் காயவில்லை, என் விரலில் ஒட்டுகிறது. இப்போதுதான் எழுதியிருக்கிறாள், நான் பேசிக்கொண்டிருந்தபோதே எழுதியிருக்கிறாள்.

‘தம்பி.’

நாலாவது வரியில், ‘தம்பி மனைவி.’

அவ்வளவுதான். இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடமாகப் பாலத்தில் நின்று எந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ அந்த ஜன்னலுக்குள் என்னை எழுதிவிட்டாள். வலது கை இருந்தபோது ஊருக்கெல்லாம் என் முகவரியை எழுதியவள், அது போன பிறகு எனக்குத் தன் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அம்மா, தாயே, ஹோட்டல்காரத் தம்பியின் தாயே, உங்களிடம் பேனா இல்லையென்றால் என்னுடையதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச வாய்ப்பளித்த தலைவர் அம்மையாருக்கும், பலகை தந்த அண்ணனுக்கும், தண்ணீரை விட்டுவிட்டுத் தட்டியெழுப்பிய தாய்மார்களுக்கும், திட்டுவதற்கு ஆயத்தமாகி இன்னும் திட்டாமல் இருப்பவர்களுக்கும் நன்றி. இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வந்து வணங்கியவன், இன்று இந்தத் தெருவில் குடியிருப்பவனாக உங்களை வணங்கி விடைபெறுகிறேன். விடைபெற்று வெகுதூரம் போகவில்லை, நாலு மாடிதான்.

பெட்டியை யாராவது ஒரு கை பிடியுங்கள். வணக்கம்.